பழைய தையல் மெஷினில் குவில்ட்: எண்ணெய் போடுவது முதல் ஓரப்பட்டை வரை

குவில்ட் என்ற போர்வை மூன்று அடுக்குகள் கொண்டது. மேலே துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த முகப்பு, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத் துணி. மூன்றையும் ஊடுருவிப் பிடித்து வைக்கும் தையல்தான் குவில்டிங். தொடக்கம் முதல் முடிவு வரை இதற்கு வேண்டியது ஒரே ஒரு தையல், அதுவும் நேர்த்தையல். ஐம்பது, நூறு வருடம் பழைய மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான்.

பழைய மெஷினின் ஊசித் தட்டில் ஊசி இறங்க ஒரு சின்ன வட்டத் துளைதான் உண்டு. ஜிக்ஜாக் மெஷினில் அந்த இடம் அகலமான பிளவாக இருக்கும். ஊசி இறங்கும்போது துண்டுத் துணியின் முனையையும் சேர்த்து உள்ளே தள்ளி, 'மெஷின் துணியைத் தின்றுவிட்டது' என்ற நிலைமை ஆகிவிடும். வட்டத் துளையில் அந்தத் தொல்லை மிகவும் குறைவு, தையலும் கோடு போட்டதுபோல் நேராக விழும். குறை என்று பார்த்தால் இரண்டு. ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே இடம் குறைவு. துணியை நகர்த்தும் பல் குறுகலானது. இந்த இரண்டையும் மனதில் வைத்துத் திட்டமிட்டால் கட்டில் அளவுப் போர்வையைக்கூட இதில் முடிக்கலாம். முதல் குவில்டுக்கு மடியில் போட்டுக்கொள்ளும் அளவு போதும். இந்த வழிகாட்டி அதற்கான கணக்கோடு போகிறது.

எந்த மெஷின்

அதிகம் கைக்கு வருவது சிங்கர்தான். 15 வகையில் பாபின் கேஸைத் தனியாகக் கழற்றலாம், உதிரி பாகம் இன்றும் சுலபமாகக் கிடைக்கிறது. இதைப் பார்த்துப் பல நாடுகளில் செய்த மெஷின்களும் ஏராளம். 66-ல் பாபினை மேலிருந்து போட வேண்டும். அதன் முக்கால் அளவுத் தம்பி 99. 201 ஓடும்போது சத்தமே குறைவு. அதில் 201-2 என்ற மாடலில் பெல்ட் கிடையாது, மோட்டார் நேராகப் பல்சக்கரத்தைச் சுழற்றும். 1933-ல் வந்த 221, அலுமினியத்தில் வார்த்தது, எடை சுமார் 5 கிலோ. துண்டுகளை இணைக்க அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மூன்றடுக்கு வேலைக்கு அதன் உள்ளிடம் நெருக்கடி. 27, 127 போன்றவற்றில் நீண்ட பாபினும் அது உட்காரும் தோட்டா வடிவ ஓடமும் இருக்கும். தையல் அழகாக விழும். வாங்கும்போது ஓடம் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது தொலைந்திருந்தால் மாற்று தேடுவதே பெரிய வேலை.

முழு அளவு மெஷின்களில் ஊசிக்கும் தூணுக்கும் இடையே ஏறக்குறைய 8 இன்ச் இருக்கும், முக்கால் அளவில் 7-க்கும் குறைவு. முதல் குவில்டுக்கு 15, 66, 201 மூன்றில் எது கிடைத்தாலும் சரி.

கால்மிதி மெஷினில் இரண்டு கையும் துணிக்குக் கிடைக்கும், வேகமும் உங்கள் காலில். கைப்பிடி மெஷினில் ஒரு கை சக்கரத்துக்குப் போய்விடுவதால் சின்னத் துண்டுகளை இணைக்க அருமை, போர்வை கனத்தைத் தள்ளச் சிரமம். மின்சார மெஷின் என்றால் மோட்டார் தகட்டில் 110 வோல்ட்டா 220 வோல்ட்டா என்று படித்துவிட்டுத்தான் பிளக்கைச் செருக வேண்டும். வயரின் ரப்பர் வெடித்திருந்தால், வளைத்தால் உதிர்ந்தால், அதை மாற்றும்வரை மின்சாரம் கொடுக்காதீர்கள்.

சக்கரம் சுற்றவில்லை என்பதற்காக மெஷினை ஒதுக்க வேண்டாம். பெரும்பாலும் பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகி இறுகியிருக்கும், அவ்வளவுதான். ஒதுக்க வேண்டியது வார்ப்பிரும்பில் விரிசல் விட்டதையும், கொக்கிப் பகுதி (ஊசி நூலைப் பிடிக்கும் இடம்) துருவால் அரிக்கப்பட்டதையும். இன்னொரு சோதனை: ஊசிக் கம்பியை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். நன்றாக ஆடினால் தேய்மானம் அதிகம்.

சுத்தம், எண்ணெய்

1. பிளக்கை எடுத்துவிட்டு ஊசி, ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்), ஊசித் தட்டு, பாபின் கேஸ் ஆகியவற்றைக் கழற்றுங்கள். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு போட்டோ. ஸ்க்ரூவின் பள்ளத்தில் முழுதாக உட்காரும் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். பழைய சிங்கர் ஸ்க்ரூக்களின் மரை தனி அளவு. தொலைத்தால் வேறு ஸ்க்ரூ பொருந்தாது.

2. பல்லுக்கு நடுவே தூசியும் எண்ணெயும் கலந்து கம்பளித் துண்டுபோல் கெட்டியாகி இருக்கும். பல் குத்தும் குச்சியால் நோண்டி எடுங்கள். இதை எடுக்காவிட்டால் பல் முழு உயரத்துக்கு எழும்பாது, துணி நகராது. 'பல் தேய்ந்துவிட்டது' என்று சொல்லப்படும் மெஷின்களில் நிறைய இந்த ரகம்.

3. இறுகிய இடங்களுக்கு மண்ணெண்ணெய். எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்து, சில மணி நேரம் ஊறவிட்டுத் திரும்ப அசையுங்கள். இளகியதும் வேகமாகச் சுற்றி, வழியும் பழுப்பு அழுக்கைத் துடைக்க வேண்டும். ஹேர் டிரையரால் சூடேற்றியும் இளக்கலாம். ஆனால் மண்ணெண்ணெய் போட்ட மெஷினில் அதைச் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும். சக்கரத்தை முரட்டுத்தனமாகத் திருகவும் கூடாது.

4. மண்ணெண்ணெய் வெறும் கரைப்பான், அது உராய்வைத் தடுக்காது. துடைத்த உடனே நிறமில்லாத தையல் மெஷின் எண்ணெயை எல்லாத் துளைகளிலும், உலோகத்தோடு உலோகம் உரசும் எல்லா இடங்களிலும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். மெஷினைப் பின்னால் சாய்த்து அடிப்பக்கமும் விட வேண்டும். சமையல் எண்ணெய், தேங்காயெண்ணெய், கதவுக் கீலுக்குப் போடும் பல்நோக்கு எண்ணெய் எதுவும் வேண்டாம். காய்ந்து மறுபடி பிசினாகும்.

5. மோட்டார் தனிக் கதை. பெல்ட் இல்லாமல் பல்சக்கரத்தால் ஓடும் 15-91, 201-2 வகை மோட்டாருக்கு கிரீஸ் மட்டுமே, அதுவும் அந்த மோட்டாருக்கு என்று விற்கும் மென்மையான கிரீஸ். எண்ணெய் விட்டால் அது உள்ளே கம்பிச் சுற்றுக்குப் போய் மோட்டாரைக் கெடுக்கும்.

6. வெளிப்புறத்துக்குப் பஞ்சில் நனைத்த தையல் மெஷின் எண்ணெய் போதும். ஸ்பிரிட்டோ ஆல்கஹாலோ பட்டால் மேல்பூச்சு வெளுத்துக் கலங்கிப்போகும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் பட்டால் தங்க எழுத்துகள் வெள்ளியாக மாறும். மண்ணெண்ணெயும் வண்ணத்தில் படக்கூடாது.

சக்கரத்தை முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்தவர்களுக்கு ஒரு குழப்பம் வருவது வழக்கம். மாட்டிய பிறகு நடு ஸ்க்ரூவைத் தளர்த்தினாலும் ஊசி நிற்காது, அல்லது இறுக்கினாலும் ஊசி ஓடாது. உள்ளே மூன்று நாக்குள்ள வாஷர் தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது. எடுத்து அரை வட்டம் திருப்பி மாட்டினால் சரியாகிவிடும்.

கால்மிதிக்குத் தோல் பெல்ட் வேண்டும். பல மெஷின்களுக்குச் சரியான தடிமன் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். வழுக்காமல் இழுக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கம் இருந்தால் போதும். கம்பிக் கொக்கி போடும் முன் இருமுறை அளந்து வெட்டுங்கள். அதிக இறுக்கம் மிதியைக் கனமாக்கும். பெரும்பாலான சிங்கர்களில் சக்கரம் உங்களை நோக்கிச் சுற்ற வேண்டும்; சில தயாரிப்புகளில் எதிர்ப்பக்கம். தவறான பக்கம் மிதித்தால் நூல் சிக்கி அறும். நூல் கோக்காமல், ஃபுட்டைத் தூக்கி வைத்து, ஒரே திசையில் மிதித்து முதலில் கால் பழகட்டும்.

ஊசி, நூல், டென்ஷன்

மேலே சொன்ன மெஷின்கள் எல்லாவற்றுக்கும், 27, 127 வகை ஓட மெஷின்களுக்கும்கூட, இன்றைய சாதாரண வீட்டு ஊசி பொருந்தும். துண்டுகளை இணைக்க 80/12, மூன்றடுக்குக்கு 90/14.

ஊசியில் ஒரு பக்கம் நீளமான பள்ளம், மறுபக்கம் தண்டில் தட்டை. பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்து நூலைக் கோக்க வேண்டும், தட்டைப் பக்கம் கொக்கியைப் பார்க்க வேண்டும். இன்றைய மெஷினில் பழகியவர்கள் முன்னாலிருந்து பின்னால் கோத்துப் பழகியிருப்பார்கள். பழையவற்றில் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் கோக்க வேண்டியிருக்கும். ஊசி திரும்பியிருந்தால் ஒரு தையல்கூட விழாது. நூல் வரும் கடைசி வளையம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, பள்ளம் அந்தப் பக்கம். மேல்முட்டும்வரை ஊசியை ஏற்றித்தான் திருக வேண்டும்.

நூல் பருத்தி, இணைப்புக்கு 50 நம்பர், குவில்டிங் வெளியே தெரிய வேண்டுமென்றால் 40. மெஷினோடு கிடைத்த மரக்கட்டை நூல்கண்டுகளை அலமாரியில் அழகுக்கு வையுங்கள். இரண்டு கையால் இழுத்தால் பொட்டென்று அறுந்துவிடும் நூலை மெஷினில் போட்டுப் பயனில்லை.

நூல் கோக்கும்போது ஃபுட் மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் டென்ஷன் (நூலின் இறுக்கம்) தட்டுகள் விலகி நூல் நடுவே இறங்கும். டென்ஷனைச் சோதிக்கும்போது ஃபுட் கீழே. மேல்நூல் சிவப்பு, பாபின் நூல் நீலம் என்று இரண்டு நிறம் போட்டு, குவில்டில் போகப்போகும் அதே மூன்றடுக்கின் ஒரு துண்டில் தைத்துப் பாருங்கள். மேல்பக்கம் நீலப் புள்ளிகள் தெரிந்தால் மேல்நூல் அதிக டைட், அரைச் சுற்றுத் தளர்த்தலாம். அடிப்பக்கம் சிவப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் மேல்நூல் லூஸ். மேல் டென்ஷனில் தீராவிட்டால்தான் பாபின் கேஸ் ஸ்க்ரூவைத் தொட வேண்டும், ஒரு தடவைக்கு கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் அளவு மட்டும். தனியாகக் கழலும் பாபின் கேஸ் என்றால் நூல் முனையைப் பிடித்துத் தொங்கவிடுங்கள்: தானாக இறங்கக்கூடாது, லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும்.

தையல் நீள அளவுகோலில் உள்ள எண் பழைய சிங்கர்களில் ஒரு இன்ச்சில் எத்தனை தையல் என்பதைக் குறிக்கும். இணைப்புக்கு 12, அதாவது ஒரு தையல் சுமார் 2.1 மில்லிமீட்டர். குவில்டிங்குக்கு 8 முதல் 10. எண்ணே இல்லாத திருகு வகையில் துண்டுத் துணியில் தைத்து ஒரு இன்ச்சுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

கால் இன்ச்

குவில்டில் எல்லாக் கணக்கும் கால் இன்ச் தையல் ஓரத்தை, அதாவது துணி விளிம்புக்கும் தையலுக்கும் உள்ள இடைவெளியை, நம்பி நிற்கிறது. ஒவ்வொரு தையலிலும் நூலிழை அளவு தவறினாலும், ஒரு வரிசையில் பதினைந்து தையல் சேரும்போது அரை இன்ச்சாகிவிடும். அப்புறம் மூலைகள் எங்கே சேரும்? பழைய ஃபுட்டின் அகலத்தை நம்பாதீர்கள், அது கால் இன்ச்சாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

ஃபுட்டின் கீழே அளவுகோலை வைத்து, கையால் சக்கரத்தைச் சுற்றி, ஊசி நுனி கால் இன்ச் கோட்டின் மேல் உட்காரும்படி இறக்குங்கள். அளவுகோலின் விளிம்பை ஒட்டி, பல்லுக்கு முன்னால் மெஷின் தட்டின் மேல் ஐந்தாறு அடுக்கு டேப் ஒட்டுங்கள். துணியின் விளிம்பு இந்தச் சின்னச் சுவரை உரசிக்கொண்டே போகும். திருகி மாட்டும் உலோகத் தடுப்பு உங்களிடம் இருந்தால், மெஷின் தட்டில் அதற்கென்றே துளை இருக்கும், டேப்புக்கு அது மேல். குட்டைத் தண்டு வகைக்கான (ஃபுட் மாட்டும் தண்டு குட்டையானது) கால் இன்ச் ஃபுட்டும் 15, 66, 99, 201, 221 எல்லாவற்றுக்கும் பொருந்தும். பின்பக்கத்திலிருந்து ஃபுட் மாட்டும் ஆரம்பகால 66 மட்டும் விதிவிலக்கு.

இப்போது சோதனை. 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி நீளவாக்கில் இணைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுப் பட்டை சரியாக 1 இன்ச், மொத்த அகலம் 3½ இன்ச் இருக்க வேண்டும். நடுப்பட்டை குறைந்தால் தையல் ஓரம் அதிகம், டேப்பை ஊசிப் பக்கம் நூலளவு நகர்த்துங்கள். பொதுவாக, கறாரான கால் இன்ச்சுக்கு ஓரிரு இழை குறைவாகத் தைத்தால்தான் சரியாக வரும், ஏனென்றால் துணி மடங்கும் இடம் அந்த ஓரிரு இழையைச் சாப்பிட்டுவிடுகிறது. இந்தச் சோதனை சரியாக வரும்வரை நல்ல துணியில் கத்தரியை வைக்க வேண்டாம்.

துணிக் கணக்கும் வெட்டும்

முடிந்த அளவு 42 × 54 இன்ச். ஒன்பது கட்டம் போட்ட சதுரமும் வெறும் சதுரமும் மாறிமாறி, குறுக்கே 7, நெடுக 9. மூலைகளில் ஒன்பது கட்டம் வந்தால் அவை 32, வெறும் சதுரம் 31. 44 இன்ச் அகலப் பருத்தித் துணியில் கரைகளை நீக்கினால் 42 இன்ச் தேறும் என்ற கணக்கில்:

- அடர் நிறம்: 2½ இன்ச் பட்டை 10, ஓரப்பட்டைக்கு (போர்வையின் விளிம்பைச் சுற்றி மூடும் பட்டை) 2½ இன்ச் பட்டை 6. மொத்தம் 40 இன்ச். 1¼ மீட்டர் வாங்குங்கள்.
- வெளிர் நிறம்: 2½ இன்ச் பட்டை 8. முக்கால் மீட்டர்.
- வெறும் சதுரம்: 6½ இன்ச் பட்டை 6, ஒவ்வொன்றிலும் 6 சதுரம். 1¼ மீட்டர். ஐந்து பட்டையில் 30 சதுரம்தான் வரும், ஒன்று குறையும். இந்த ஒரு சதுரத்துக்காகத்தான் ஆறாவது பட்டை.
- அடித்துணி: 51 இன்ச் நீளத்தில் இரண்டு துண்டு. இரண்டையும் கரைப்பக்கமாக இணைத்துக் குறுக்கே போட்டால் 2¾ மீட்டர் போதும். நெடுக இணைப்பவர்களுக்கு அதே வேலைக்கு 3¼ மீட்டர் ஆகும். கரைகளை வெட்டி எறிந்துவிட்டு அரை இன்ச் ஓரத்தில் இணைத்து, தையல் ஓரத்தை இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள்.
- பஞ்சு விரிப்பு: 50 × 62 இன்ச். மெல்லிய பருத்தி விரிப்பு எடுங்கள். உப்பிய பாலியஸ்டர் இந்த மெஷின்களின் சின்ன உள்ளிடத்தில் சுருண்டு நிற்காது, ஃபுட்டின் கீழும் வழுக்கும்.

அடர் நிறங்களை முதலில் அலசிப் பாருங்கள். சாயம் போகும் சிவப்பு ஒன்றே மொத்தப் போர்வையையும் கெடுத்துவிடும். ஒன்றை அலசினால் எல்லாத் துணிகளையும் அலசுங்கள், இல்லாவிட்டால் பின்னால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் சுருங்கும். ரோட்டரி கட்டர், தடித்த பிளாஸ்டிக் அளவுகோல், வெட்டும் பாய் இருந்தால் வெட்டு துல்லியமாக இருக்கும். கத்தரியில் வெட்டுவோர் பென்சில் கோட்டின் உள்விளிம்பில் வெட்டட்டும்; கோட்டின் தடிமனும் அளவில் சேரும்.

துண்டுகளை இணைத்தல்

ஒன்பது கட்டத்துக்கு 288 குட்டிச் சதுரங்களை வெட்டி இணைப்பது வீண் வேலை. பட்டைகளையே இணைத்துப் பிறகு குறுக்கே வெட்டுங்கள். அடர்-வெளிர்-அடர் என்று நான்கு தொகுதி, வெளிர்-அடர்-வெளிர் என்று இரண்டு தொகுதி. இரண்டு வகையிலும் தையல் ஓரத்தை அடர் துணிப் பக்கமாகவே சாய்த்து இஸ்திரி போடுங்கள். இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுக்க வேண்டும். இழுத்துத் தேய்த்தால் பட்டை வில்லாக வளையும்.

ஒவ்வொரு தொகுதியின் முனையையும் நேராகச் சீவிவிட்டு 2½ இன்ச் அகலத்தில் குறுக்கே வெட்டினால் தொகுதிக்கு 16 துண்டு. முதல் வகையில் 64, இரண்டாம் வகையில் 32. ஒரு சதுரத்துக்கு முதல் வகை இரண்டு, நடுவே இரண்டாம் வகை ஒன்று. தையல் ஓரங்கள் எதிரெதிராகச் சாய்ந்திருப்பதால் இரண்டு துண்டையும் நல்ல பக்கம் உள்ளே வைத்து அடுக்கும்போது மூலைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். விரலால் தடவினால் மேடு இல்லாமல் பூட்டியது தெரியும். தையல் ஓரம் இருக்கும் பக்கமாக ஒரு குண்டூசி போதும், ஊசி வருவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

பழைய மெஷின்கள் பலவற்றில் பின்தையல் கிடையாது. அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், ஒவ்வொரு தையலையும் இன்னொரு தையல் குறுக்கே போய்ப் பூட்டிவிடும். துண்டுகளை நூல் வெட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக விடுங்கள். தொடங்கும்போது முதலில் ஒரு கழிவுத் துணியைத் தைத்துவிட்டுத் துண்டை விட்டால் ஆரம்பச் சிக்கல் எல்லாம் கழிவுத் துணியோடு போகும். முடிக்கும்போதும் அப்படியே.

முடிந்த சதுரம் 6½ இன்ச் இருக்க வேண்டும். கொஞ்சம் பெரிதாக இருந்தால் சீவலாம். எல்லாமே 6⅜ இன்ச் என்று ஒரே மாதிரி குறைந்திருந்தால் வெறும் சதுரங்களை அதே அளவுக்குக் குறைத்துவிடுங்கள். இழுத்துப் பொருத்தும் வேலை மட்டும் வேண்டாம்.

வரிசைகளாக இணைக்கும்போது தையல் ஓரங்களை எப்போதும் வெறும் சதுரத்தின் பக்கம் சாயுங்கள். அடுத்தடுத்த வரிசைகள் தானாகவே எதிரெதிராக வந்து பூட்டிக்கொள்ளும்.

மூன்றடுக்கை விரித்தல்

அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி தரையிலோ பெரிய மேஜையிலோ விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் நேராக நின்றால் போதும். இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் சுருங்கி முகப்பை வரிவரியாக்கும். அதன் மேல் பஞ்சு விரிப்பு, அதன் மேல் முகப்பு. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் நீவுங்கள்.

ஊக்கு குத்தும் இடைவெளி நான்கு விரல், அதாவது 3 முதல் 4 இன்ச். இந்த அளவுக்கு 150 ஊக்காவது ஆகும். சோம்பல்பட்டு 80-ல் நிறுத்தினால் அடித்துணியில் மடிப்பு விழும், அந்த மடிப்பு தைத்து முடித்துத் திருப்பிப் பார்த்த பிறகுதான் கண்ணில் படும். தையல் போகும் கோட்டில் ஊக்கு வராதபடி தள்ளிக் குத்துங்கள். ஊக்கு இல்லாதவர்கள் கையால் நீள ஓட்டுத் தையல் போடலாம்.

குவில்டிங்

கோடுகளைச் சதுரங்களின் தையல் பள்ளத்திலேயே ஓட்டலாமே என்று தோன்றும். இந்த வடிவத்தில் அது தொல்லை. தையல் ஓரங்கள் வெறும் சதுரத்தின் பக்கம் சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு சதுரத்துக்கும் பள்ளம் பக்கம் மாறும், ஊசி மேட்டில் ஏறி இறங்கும். தையலின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய கால் இன்ச் தள்ளி ஓட்டுங்கள். ஃபுட்டின் விளிம்பே வழிகாட்டி, கோடு வரைய வேண்டியதில்லை. நெடுக 12 கோடு, குறுக்கே 16.

மூன்றடுக்கையும் சேர்த்து நகர்த்தும் நடக்கும் ஃபுட் போட்டால் நல்லது. குட்டைத் தண்டுக்கானதாக வாங்குங்கள். வாங்கும் முன் அதன் அடியில் பாருங்கள்: இன்றைய அகலப் பல்லுக்குச் செய்த ஃபுட்டின் பற்கள் பழைய மெஷினின் குறுகிய பல்லுக்கு வெளியே போய் நிற்கும். கீழே பிடிக்க ஆள் இல்லாமல் மேலே மட்டும் நடந்தால் துணி தள்ளாடும். குறுகிய பல் வகை கிடைக்காவிட்டால் சாதாரண ஃபுட்டோடு, மெஷின் தலையின் மேலிருக்கும் அழுத்தத் திருகை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்துங்கள். அழுத்தம் அதிகமிருந்தால் மேல் துணி முன்னால் தள்ளப்பட்டுக் குறுக்குக் கோட்டில் மடிப்பு விழும்.

போர்வையின் கனம் மேஜையிலிருந்து தொங்கவே கூடாது. இடப்பக்கமும் பின்பக்கமும் மெஷின் உயரத்துக்கு மேஜை போடுங்கள், மேஜை இல்லையென்றால் நாற்காலி மேல் பெட்டி. துணி தொங்கி இழுத்தால் தையல் குட்டையாகும், ஊசி வளையும், வளைந்த ஊசி தட்டில் இடித்து உடையும்.

1. நடு வரிசையின் கோட்டில் தொடங்குங்கள். வலப்பக்கத் துணியை விசிறி மடிப்பாக மடித்து உள்ளே விடுங்கள். இறுக்கிச் சுருட்டினால் விறைத்துத் திரும்ப மறுக்கும்.
2. சக்கரத்தை ஒருமுறை கையால் சுற்றி பாபின் நூலை மேலே எடுத்து, இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு, முதல் எட்டுப் பத்துத் தையலை மிகக் குட்டையாக வையுங்கள். அதுதான் பூட்டு. பிறகு இன்ச்சுக்கு 8 அல்லது 10.
3. வலப்பக்க விளிம்புவரை ஒவ்வொரு கோடாக, எல்லாம் ஒரே திசையில். மேலிருந்து கீழ், அடுத்தது கீழிருந்து மேல் என்று மாற்றினால் இரண்டு கோட்டுக்கும் நடுவே துணி சாய்ந்து அலையாகும்.
4. பாதி முடிந்ததும் போர்வையை முழுதாகத் திருப்பி மறுபாதி. அப்போதும் நடுவிலிருந்து வலப்பக்கம். உள்ளே இருக்கும் துணி கோட்டுக்குக் கோடு குறைந்துகொண்டே வரும்.
5. நெடுக முடித்த பின் குறுக்கே.

54 இன்ச் கோடு ஒன்றுக்கு பாபின் நூல் ஏறக்குறைய 1¾ மீட்டர் போகும். கோட்டின் நடுவே நூல் தீர்வது எரிச்சல், அதனால் புதுக் கோடு தொடங்கும் முன் பாபினைப் பாருங்கள். நான்கைந்து பாபினை முன்கூட்டியே சுற்றி வைப்பது நல்லது. சுற்றும்போது சறுக்கினால், பாபின் சுற்றியின் ரப்பர் வளையம் கெட்டிப்பட்டிருக்கும், புதிது மாட்டுங்கள்.

பூவும் வளைவும் போட்டுத் தைக்க விரும்புவோர் டார்னிங் ஃபுட் (துணியைக் கையால் எந்தப் பக்கமும் நகர்த்த விடும் ஃபுட்) மாட்டி, பல்லை இறக்க வேண்டும். 15-91, 201 போன்றவற்றில் பல்லை இறக்க வழி இருக்கிறது. வழி இல்லாதவற்றில் ஒரு மெல்லிய அட்டையில் ஊசிக்குத் துளை போட்டுப் பல்லின் மேல் ஒட்டி, தையல் நீளத்தைப் பூஜ்யத்துக்கு வையுங்கள். கை வேகமும் ஊசி வேகமும் ஒத்துப்போக வேண்டும்: கை வேகமாகப் போனால் தையல் நீளும், மேல்நூல் அடியில் கம்பிபோல் இழுபடும்.

தவறு வரும்போது எங்கே பார்ப்பது

எது கெட்டாலும் முதலில் டென்ஷனைத் திருகத் தோன்றும். அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் நூலைக் கழற்றித் திரும்பக் கோத்து, புது ஊசி போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் அங்கேயே தீரும்.

துணியின் அடியில் நூல் கூடுகட்டினால் குற்றம் பாபினில் இருப்பதாகத் தெரியும். உண்மையில் மேல்நூல் டென்ஷன் தட்டுக்குள் இறங்கவில்லை, அல்லது தட்டுகளுக்கு நடுவே பஞ்சு அடைத்திருக்கிறது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு ஒரு மெல்லிய துணி நாடாவை நடுவே இழுத்து எடுங்கள்.

தையல் தாவினால்: ஊசி வளைந்திருக்கும், மேலே முட்டவில்லை, அல்லது மூன்றடுக்குக்கு மெல்லிய ஊசி போட்டிருக்கிறீர்கள்.

நூல் திரும்பத் திரும்ப அறுந்தால் ஊசித் தட்டின் துளை விளிம்பை நகத்தால் தடவுங்கள். முன்பு ஊசி இடித்த இடத்தில் சொரசொரப்பு இருந்தால், அந்தப் பிசிறு நூலை உரசி அறுக்கும். மிக நைசான உப்புத்தாளைச் சுருட்டித் தேய்த்து, துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

தடித்த இடத்தில் மோட்டார் 'உம்' என்று முனகி நின்றால் பெடலை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், மோட்டார் கருகும். கையால் சக்கரத்தைச் சுற்றி அந்த இடத்தைத் தாண்டுங்கள். பழைய பெடல்கள் சூடாகும் ரகம்; எழுந்து போகும்போது பிளக்கை எடுத்துவிடுவது பழக்கமாக வேண்டும். கால்மிதி தடித்த இடத்தில் வழுக்கினால், பெல்ட்டில் எண்ணெய் பட்டிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்த பிறகே பெல்ட்டைக் குட்டையாக்குங்கள்.

ஓரப்பட்டை

முகப்பின் விளிம்போடு பஞ்சையும் அடித்துணியையும் நேராகச் சீவுங்கள். ஆறு பட்டைகளையும் 45 பாகைச் சாய்வில் இணைத்து, தையல் ஓரத்தை விரித்து, நெடுக இரண்டாக மடித்து இஸ்திரி போட்டால் 1¼ இன்ச் அகல இரட்டைப் பட்டை. சுற்றளவு 192 இன்ச், மூலைக்கும் முடிச்சுக்கும் 10 இன்ச் சேர்த்து 202. ஐந்து பட்டையை இணைத்தால் சாய்வு வெட்டில் போனது போக 200 இன்ச்தான் தேறும். ஆறு போட்டதன் காரணம் இந்த இரண்டு இன்ச்.

பட்டையின் வெட்டிய விளிம்பை முகப்பின் விளிம்போடு சேர்த்து, ஒரு பக்கத்தின் நடுவில் ஆரம்பியுங்கள். முதல் 8 இன்ச்சைத் தைக்காமல் விடுங்கள். கால் இன்ச்சில் தைத்து, மூலைக்குக் கால் இன்ச் முன்னால் நிறுத்தி நூலை வெட்டுங்கள். பட்டையை மேல்நோக்கி 45 பாகையில் மடித்து, திரும்பக் கீழ்நோக்கி அடுத்த விளிம்போடு ஒட்ட மடித்து, மடிப்பின் உச்சியிலிருந்து தையலைத் தொடருங்கள். உள்ளே ஒரு முக்கோண மடிப்பு நிற்கும், திருப்பும்போது அதுவே மூலையைக் கூராக்கும். தொடங்கிய இடத்துக்கு 10 இன்ச் முன்னால் நிறுத்தி, இரண்டு முனைகளும் 2½ இன்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வெட்டி, சாய்வாக இணைத்து, மீதியைத் தையுங்கள்.

பட்டையைப் பின்பக்கம் மடித்து, முன்பக்கத் தையல் மறையும்படி கையால் மறைவுத் தையல் போடலாம். மெஷினிலேயே முடிக்க வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே பட்டையைப் பின்பக்கம் தைத்து முன்பக்கம் மடித்து, மடிப்பின் விளிம்பிலிருந்து ஒரு நூல் உள்ளே நேர்த்தையல் ஓட்டுங்கள். மூலைகளில் ஐந்து அடுக்குக்கு மேல் சேரும்; அங்கே மிதியை விட்டுவிட்டு, கையால் சக்கரத்தைச் சுற்றி ஒவ்வொரு தையலாகத் தாண்டுங்கள்.

குவில்டை முதல் தடவை குளிர்ந்த நீரில் அலசி, தொங்கவிடாமல் விரித்துக் காய வையுங்கள்; ஈரத்தில் கனம் கூடித் தையல்கள் இழுபடும். மெஷினில் ஊசித் தட்டைக் கழற்றிப் பஞ்சை எடுத்து, கொக்கிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஃபுட்டின் கீழே ஒரு துண்டுத் துணியை வைத்து மூடுங்கள். அடுத்த தடவை மிச்ச எண்ணெய் அந்தத் துணியில்தான் முதலில் படும்.